மண்ணுதான் என்று சொன்னேன்

அந்தப் பீரங்கிக் குண்டின் இடுப்பில் ஒரு செம்பு வளையம் இருந்தது. வளையத்துக்குச் சற்று மேலே, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால், இரும்பில் அடித்த எழுத்துகள் தெரியும். இரண்டு ஆங்கில எழுத்துகள், 1942 என்ற வருடம், பக்கத்தில் மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் சின்ன அம்புக்குறி. முதல் முறை பார்த்தபோது அதைக் கட்டைவிரலால் தடவினேன். அறுபது வருடத் துருவுக்குப் பிறகும் அம்பின் விளிம்பு விரலில் உறுத்தியது. அடித்தவர் நன்றாக அடித்திருக்கிறார் என்று நினைத்தேன். தரக்கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவனுக்கு முதலில் அதுதான் தோன்றும். எதற்காக அடித்தார்கள் என்பது பிறகுதான் தோன்றும். எனக்கு மிகவும் பிந்தித் தோன்றியது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஓசூருக்கு வெளியே இருந்த ஓர் உருக்காலையில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பழைய இரும்பை உலையில் உருக்கி, மோட்டார் வண்டிகளுக்கான பாகங்களாக வார்க்கிற ஆலை. உருக்கிய இரும்பின் மாதிரியை லேப்பில் சோதிப்பதும், உலைக்குப் போகிற பழைய இரும்பைப் பார்த்து அனுப்புவதும் என் வேலை. என் ஊர் சாத்தூர்ப் பக்கம். என் அம்மா பட்டாசு ஆலையில் மருந்து அடைத்தவர். எங்கள் ஊரில் மருந்து என்றால் காய்ச்சலுக்குத் தருவதல்ல, வெடிக்கிறது. அலுமினியத் தூள் ஏறி அம்மாவின் உள்ளங்கை எப்போதும் வெள்ளிப் பூச்சோடு இருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ரேகைகளுக்குள் அது மினுங்கும். "நீ மருந்து இல்லாத ஊர்ல போயி வேலை பாரு" என்று அவர் சொல்லித்தான் என்னை டிப்ளமோ படிக்க வைத்தார். அப்படித்தான் ஓசூருக்கு வந்தேன். குளிர்ந்த ஊர், கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர், மருந்து இல்லாத ஊர்.

பழைய இரும்பைத் தரம் பிரிக்கும் பெண்களுக்குத் தலைவியாக ஓர் அக்கா இருந்தார். தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டை ஒட்டிய ஊர். இரண்டு வருடம் தொடர்ந்து கேழ்வரகு அறுக்கும் சமயத்தில் யானை இறங்கி மிதித்துவிட்டதால், மகளைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் கூலிக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, சக பெண்களிடம் கன்னடம், என்னிடம் தமிழ். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் சார் என்பார். வார்ப்பிரும்பையும் எஃகையும் பார்வையிலேயே பிரித்துவிடுவார். சந்தேகம் வந்தால் கையில் வைத்திருக்கும் இரும்புத் தடியால் ஒரு தட்டு. சத்தத்தைக் கேட்டு, எந்தக் குவியல் என்று கையைக் காட்டுவார். லேப்பில் நான் இயந்திரத்தில் பார்த்துச் சொல்வதை அவர் காதால் கேட்டு முன்பே சொல்லியிருப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

கூடவே கேஸ் கட்டர் பிடிக்கிற அண்ணன் ஒருவர். பெரிய இரும்புகளை நெருப்பால் அறுத்து, உலைக்குள் போகிற அளவுக்குத் துண்டாக்குவது அவர் வேலை. ஊத்தங்கரைக்காரர். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து ஊருக்குப் போவார், திங்கள் காலை நேராக, பழைய இரும்பு குவித்திருக்கும் யார்டுக்கு வந்து நிற்பார். அதிகம் பேசமாட்டார். எதையாவது வெட்டுவதற்கு முன்னால் "வெட்டலாமா சார்?" என்று ஒருமுறை கேட்பார். அவ்வளவுதான் அவர் என்னிடம் பேசியது. ஒரு நாளைக்கு இருபது தடவை அதையே பேசியிருப்பார்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த லாரிகளில்தான் குண்டுகள் வரத் தொடங்கின. எங்கோ ஒரு பாலைவனத்தில் பொறுக்கிய இரும்பு என்றார்கள். உடைந்த டாங்கிச் சங்கிலி, குழாய், வண்டிச் சக்கரம், அவற்றுக்கு நடுவே முழங்கை நீளத்தில் இந்தப் பீரங்கிக் குண்டுகள். யார்டில் அவற்றுக்குப் பாட்டில் என்று பெயர் வைத்துவிட்டோம். வந்தவை எல்லாம் அடியும் மூக்கும் திறந்த வெற்றுக் கூடுகள். கண்ணில் வைத்தால் மறுபக்கம் வானம் தெரியும். வெடிபொருள் எதுவும் இல்லை என்று ஒரு சான்றிதழும் லாரியோடு வந்தது. வாட்ச்மேன் ஒரு பாட்டிலைக் கேட் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். ஒருவரும் பயப்படவில்லை. நல்ல எஃகு, உலைக்கு ஏற்ற அளவு. எல்லோருக்கும் அவை பிடித்திருந்தன.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் செம்பு வளையம். உருகிய எஃகில் செம்பு கலந்தால் வார்ப்பு விரிசல் விடும். இரண்டு முறை அப்படி ஆகி, வாங்கிய கம்பெனி முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பியது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் திட்டினார். அன்று மாலையே யார்டுக்குப் போய் அக்காவிடமும் கட்டர் அண்ணனிடமும் சொன்னேன்: வளையத்தோடு ஒரு பாட்டில்கூட உலைக்குப் போகக் கூடாது. உளியால் வந்தால் உளி, வராவிட்டால் நெருப்புக் காட்டிக் கழற்றுங்கள். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். கழற்றிய வளையங்களை ஒரு டிரம்மில் போட்டு, சாயங்காலம் என்னிடமே காட்டிவிட்டு ஸ்டோருக்கு அனுப்புவார்கள்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு லாரி வந்தது. அடுத்த நாள் காலை பத்து மணி இருக்கும், அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வருவதே கிடையாது.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க. இந்தப் பாட்டில் வேற மாதிரி இருக்குது."

போனேன். பத்துப் பன்னிரண்டு குண்டுகளைத் தனியாகப் படுக்க வைத்திருந்தார். அடிப்பக்கம் மூடியிருந்தது. மூக்குப் பக்கம் திருகிய மூடி ஒன்று துருப்பிடித்து இறுகியிருந்தது. தடியால் ஒரு பழைய கூட்டைத் தட்டினார். மணி போல ஒலித்தது. புதியதைத் தட்டினார். மொத்தென்று ஒரு சத்தம், அதோடு அடங்கிவிட்டது.

"வயித்துல என்னமோ இருக்குது சார். கனமும் ஜாஸ்தி. இது ஒண்ணத் தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. கீழே வைக்கும்போது மூடியின் ஓரத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பிசுக்கு கசிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன். அக்காவின் விரல் நுனிகளிலும் அது ஒட்டியிருந்தது. அம்மாவின் உள்ளங்கை அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது என்பதை இன்று மறைக்க விரும்பவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தேன். கந்தக வாசனை இல்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில் மருந்தென்றால் கந்தகம். கந்தகம் இல்லாததால் இது மருந்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை, சாக்கு என்று அப்போதே எனக்குள் யாரோ சொன்னார்கள்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் போனில் இருந்தார். உலை காலியாக நிற்கிறது, இரும்பு ஏன் வரவில்லை என்று யாரோ அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடை கூட்டறதுக்கு மண்ணை அடைச்சு அனுப்புவாங்கய்யா. இது தெரியாம என்ன படிச்சே? சர்ட்டிபிகேட் இருக்குதுல்ல?"

"ஒரு தடவை போலீஸ்கிட்டக் கேட்டுட்டு..."

"போலீஸ் வந்தா யார்டையே சீல் வெச்சிடுவான். நீ போயி வேலையப் பாரு."

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசைக்கு வர இருந்தது. அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். திரும்பி யார்டுக்கு வந்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டர் அண்ணன் டீ குடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். முதல் பாட்டிலை இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே ஆடாமல் வைத்திருந்தார். வழக்கத்தைவிட ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டார்.

"வெட்டலாமா சார்? உள்ள என்ன சார்?"

"மண்ணுதான்" என்றேன். "வளையத்தக் கழட்டிடுங்க."

லேப்புக்கு நடந்தேன். ஒரு மாதிரியை எடுத்துத் தேய்த்து, இயந்திரத்தில் வைத்தேன். அது எண்களை அச்சடிக்கத் தொடங்கியபோது ஜன்னல் கண்ணாடி முழுக்க என் மேசை மேல் கிடந்தது. சத்தத்தைக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வெளியே ஓடினேன். தண்டவாளத் துண்டுகள் இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. நடுவில் இருந்த மனிதரைப் பற்றி எழுத மாட்டேன். கேஸ் குழாய் மட்டும் அறுபட்டுத் தரையில் கிடந்தது, அதன் முனையில் சிறிய நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் சிலிண்டரை மூடினேன். அன்று நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். பத்து அடி தள்ளி, அடுத்த பாட்டிலை உருட்டிக்கொண்டு வந்த அக்கா, ஒரு குவியலின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் இறங்கியது. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது, குரல் வந்திருக்கிறது, எனக்குத்தான் அப்போது காது அடைத்திருந்தது.

மறுநாள் பெங்களூரிலிருந்து ராணுவத்தினர் வந்தார்கள். அவர்களில் ஓர் அவில்தார் வேலூர்ப் பக்கத்துக்காரர். மீதமிருந்த குண்டுகளை மணல் மூட்டைகளுக்கு நடுவில் அடுக்கிவிட்டு, வெடித்ததன் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். அதில் செம்பு வளையத்தின் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதப் பாருங்க சார். பீரங்கியில சுட்ட குண்டுன்னா குழாயோட வரி இந்தச் செம்புல ஏறியிருக்கும். இது வழவழன்னு இருக்கு. அப்படின்னா சுடவே இல்ல. உள்ள மருந்து அப்படியே இருக்கும். அந்தப் பழைய கூடுங்களப் பாருங்க, எல்லாத்துலயும் வரி இருக்கு."

ஒரு வாரமாக நான் அந்தச் செம்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளையத்தையும் கையில் வாங்கிப் பார்த்தேன். அதில் நான் பார்த்தது செம்பு மட்டுமே.

எழுத்துகளையும் அவர்தான் படித்துக் காட்டினார். அம்புக்குறி பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்கான அடையாளம். எழுத்துகள் கூட்டைச் செய்த ஆலை. அவற்றுக்குக் கீழே நான் கவனிக்காத சின்ன முத்திரை ஒன்று, சோதித்துச் சரி என்று ஒப்புக்கொண்ட இன்ஸ்பெக்டருடையது. "போர் நடக்கும்போது அங்க ஆம்பளைங்க எல்லாம் சண்டைக்குப் போயிட்டாங்க சார். சைக்கிள் செஞ்சவன், கார் செஞ்சவன் எல்லாரும் குண்டு செஞ்சாங்க. மருந்து நிரப்புறது தனி ஃபேக்டரி, ஊருக்கு ரொம்ப வெளியே. பெரும்பாலும் பொம்பளைங்க. மருந்து ஒட்டி ஒட்டிக் கையும் மூஞ்சியும் மஞ்சளாயிடுமாம். எங்களுக்கு டிரெய்னிங்ல சொல்லுவாங்க." பிறகு அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒழுங்காத்தான் நிரப்பியிருக்காங்க" என்றார். அவர் குரலில் கிண்டல் இல்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்களைப் பற்றி அடிக்கடி நினைத்திருக்கிறேன். எங்கள் ஆலை வாசலில் ஒரு பலகை உண்டு. இன்றைய ஷிப்டில் இத்தனை டன், நேற்று இத்தனை டன் என்று சாக்குக்கட்டியால் எழுதி வைப்பார்கள். அங்கேயும் அப்படி ஒன்று இருந்திருக்கும். நேற்றைவிட இன்று கூட, இன்றைவிட நாளை கூட. இரவும் பகலும் செய்து குவித்து, சுட்டது போகச் சுடாமல் மிஞ்சியதைப் பாலைவனத்தில் விட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். போர் முடிந்தது. செய்த வேலை முடியவில்லை. மஞ்சள் கையோடு ஒரு பெண் நிரப்பி மூடியதை, அவளுக்குப் பெயர்கூடத் தெரியாத ஊரில், தேன்கனிக்கோட்டைக்காரப் பெண் ஒருத்தி தட்டிப் பார்த்து உள்ளே ஏதோ இருக்கிறது என்று சரியாகச் சொன்னாள். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தவர்கள். அங்கே முத்திரை அடித்த இன்ஸ்பெக்டரும் சரியாகத்தான் செய்தார். நடுவில் தப்பாக முத்திரை அடித்தவன் நான்.

அத்தோடு நிற்கவில்லை. விசாரணைக்கு முன்பு மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார். செம்பைத் திருடி விற்கும் எண்ணத்தோடு, மேலதிகாரிகள் யாரும் சொல்லாமல், இரண்டு தொழிலாளிகள் குண்டின் வளையத்தைக் கழற்ற முயன்றபோது விபத்து நடந்தது என்று அதில் இருந்தது. கீழே என் பெயர், பதவி, கையெழுத்துக்கு ஒரு கோடு.

"செத்தவன் திரும்பி வரப் போறதில்ல" என்றார் மேனேஜர். "கம்பெனி மூடினா எல்லாரும்தான் தெருவுக்கு வரணும். நீயும் உள்ள போவே. யோசிச்சுக்க."

யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நிரந்தர வேலைக்கான காகிதம் தவறாமல் அடுத்த மாதம் வந்தது. அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஊருக்குப் போய்விட்டதாக, கூலிக்கு ஆள் விடும் காண்டிராக்டர் சொன்னார். கட்டர் அண்ணனின் மனைவி ஊத்தங்கரையிலிருந்து வந்து கேட்டில் நின்றபோது, திருட்டுக் கேஸில் இறந்தவருக்கு எதுவும் தர முடியாது என்று வாட்ச்மேனை விட்டுச் சொல்ல வைத்தார்கள். லேப் ஜன்னலிலிருந்து பார்த்தேன். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்கள், நன்றாகத் தெரிந்தது. அவர் வெயிலில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் ரோட்டைத் தாண்டிப் போனார்.

இரண்டு வருடத்தில் அந்த ஆலையை விட்டு வேறு ஊருக்கு மாறிவிட்டேன். கல்யாணம் ஆயிற்று, மகள் பிறந்தாள். அம்மா இறந்தார். எரிக்கும் முன் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தபோது ரேகையில் மினுக்கம் அப்படியே இருந்தது. அன்று முதல் தூக்கம் கெட்டது. நடந்ததை மனைவியிடம் முழுதாகச் சொன்னேன். அவள், "என்கிட்ட சொல்லி என்ன ஆகும்?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேன்கனிக்கோட்டை பஸ் ஏறினேன். அங்கிருந்து வேறொரு வண்டி. விசாரித்தபோது, "அந்தச் செம்புக்காரம்மா வீடா?" என்று ஒருவர் வழி காட்டினார். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

அக்கா வாசலில் உட்கார்ந்து, இடது கையால் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்து உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் வந்து தண்ணீர் கொடுத்தாள். ஓசூரில் துணிக் கம்பெனியில் தைக்கப் போகிறாளாம். நான் தலையைக் குனிந்துகொண்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வாக்கியம் தாண்டியிருக்காது.

"அம்மாக்குக் காது கேக்காது சார்" என்றாள் மகள். "அந்த ஆக்சிடென்ட்ல போனதுதான். ரொம்ப சத்தமா சொன்னாதான் கொஞ்சம் கேக்கும்."

குரலை உயர்த்தினேன். அக்கா இடது கையைக் காதுக்குப் பின்னால் வைத்து, இல்லை என்று தலையாட்டினார். இன்னும் உயர்த்தினேன். முடிவில் எழுந்து நின்று கத்தினேன். "செம்பைக் கழட்டச் சொன்னது நான்தான் அக்கா! நீங்க திருடல! நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்!" எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தெருவில் போனவர் சைக்கிளை நிறுத்தினார். மகள் கையில் வாங்கிய தம்ளரோடு அப்படியே நின்றாள்.

அக்கா காதிலிருந்து கையை எடுத்தார். பிறகு, காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கப் பேசினார்.

"அது எனக்குத் தெரியாதா சார்? நீங்க சொல்லும்போது நான் பக்கத்துலதான நின்னேன்? இவங்களுக்குத்தான் தெரியாது." தெருவில் சேர்ந்திருந்தவர்களை மூன்று விரல் இல்லாத கையால் காட்டினார். "அந்தப் பக்கம் திரும்பி, இன்னொருக்கா சொல்லுங்க."

திரும்பி நின்று சொன்னேன். ஒருவர் அதைக் கன்னடத்தில் பக்கத்திலிருந்தவருக்குச் சொன்னார். மகள் உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. அக்காவுக்கு அது கேட்கவில்லை, அவர் மறுபடி உட்கார்ந்து அவரைக்காயை எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அது அவர் காதில் விழுந்திருக்காது. கிளம்பும்போது மட்டும், "ஊத்தங்கரைக்குப் போனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். "மொதல்ல அங்கதான் போயிருக்கணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு போனேன். கட்டர் அண்ணனின் மனைவி கதவைப் பாதி திறந்து, ஒரு கையால் பிடித்தபடி நின்று கேட்டார். அவர் காது நன்றாகக் கேட்கும். ஆனாலும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன், பழகிவிட்டிருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போயிருந்த காகிதத்தையும் நீட்டினேன். எந்த ஆபீஸில் கொடுத்தாலும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ஆபீஸுக்கு நாங்கள் ஒன்றாகப் போனோம். ஆலையே கைமாறிவிட்டது, கேஸ் முடிந்து கட்டி வைத்தாயிற்று என்று இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள். அது வேறு கதை. அன்று வாசலில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவருக்குத் தெரியுமா? உள்ள வெடி இருக்குதுன்னு தெரிஞ்சுதான் வெட்டினாரா?"

அக்காவின் ஊரில் கத்தியதில் அது இல்லை. எழுதிக் கொண்டு வந்ததிலும் இல்லை. மனைவியிடம் முழுதாகச் சொன்னேன் என்றேனே, அதிலும் இல்லை.

"தெரியாது" என்றேன். "உள்ள என்னன்னு என்கிட்டக் கேட்டார். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. மண்ணுதான்னு சொன்னேன்."

தெருவில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை. இந்த ஒன்றை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

"இப்பச் சொன்னதையும் இதுல எழுது" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.